16ஆம் பிக்கில் யாங் ஹான்சென்: போர்ட்லேண்ட் எடுத்த முடிவு சரியா?

ஹில்ஸ்போரோ செந்தில் · 26 ஜூன் 2025

மனசு ஆறவில்லை, அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன். என்பிஏ டிராஃப்டை, அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் நிகழ்ச்சியை, பார்க்காதவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வரிசையில் ஒருவரை எடுக்கும் உரிமைதான் பிக். நேற்றிரவு புரூக்ளினில் நம் போர்ட்லேண்ட் டிரெய்ல் பிளேசர்ஸ் கையில் 11ஆம் பிக் இருந்தது. அதில் செட்ரிக் கவர்டை எடுத்து மெம்பிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தவை 16ஆம் பிக், ஒர்லாண்டோவின் 2028 முதல் சுற்று பிக், இரண்டாம் சுற்று பிக் இரண்டு. அந்த 16இல் வந்தவர்தான் சீனாவின் யாங் ஹான்சென். சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்), 7 அடி 1 அங்குலம், இன்றுதான் 20 வயது நிறைகிறது. நான் படித்த மாக் டிராஃப்ட்களில் (யார் எங்கே போவார் என்ற முன்கணிப்புகளில்) பெரும்பாலானவை இவரை இரண்டாம் சுற்றில்தான் போட்டிருந்தன.

என் கோபத்துக்குக் காரணம் இரண்டு. போன வருடம்தான் 7ஆம் பிக்கில் டோனவன் கிளிங்கனை எடுத்தோம். எய்ட்டன் இருக்கிறார், ராபர்ட் வில்லியம்ஸ் இருக்கிறார், டுவப் ரீத் இருக்கிறார். ஐந்தாவதாக ஒரு சென்டர் எதற்கு? இந்த அணிக்கு வேண்டியது வெளியிலிருந்து பந்தைப் போடத் தெரிந்த, நீளமான கைகள் கொண்ட விங், அதாவது பக்கவாட்டில் ஆடுபவர். கவர்ட் அதேதான்.

இன்னொன்று சொந்த வருத்தம். கவர்ட் கல்லூரி ஆட்டத்தைத் தொடங்கியது இங்கே சேலத்தில், வில்லமெட் பல்கலைக்கழகத்தில், மூன்றாம் பிரிவில். நம் ஆரிகன் சேலம்தான், வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து ஈஸ்டர்ன் வாஷிங்டன், அப்புறம் வாஷிங்டன் ஸ்டேட், இப்போது முதல் சுற்று. இப்படி ஏறி வந்தவனை நம் கையாலேயே எடுத்து இன்னொரு ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

எல்போ பாஸ் · 26 ஜூன்

செந்தில் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "ஐந்தாவது சென்டர்" என்ற கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. எய்ட்டன் ஒப்பந்தம் 2026இல் முடிகிறது. வில்லியம்ஸ் நல்ல ஆட்டக்காரர், ஆனால் அவர் முழங்கால் எத்தனை ஆட்டத்துக்குத் தாங்கும் என்று நம்மில் யாரும் பந்தயம் கட்ட மாட்டோம். ரீத் மூன்றாவது ஆள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் உறுதியாக நம்மிடம் இருப்பது கிளிங்கன் ஒருவர்தான்.

யாங் என்ன செய்வார் என்று பார்க்காமலேயே "இன்னொரு உயரமான ஆள்" என்று தள்ளிவிடுகிறோம். நான் கோவையில் கல்லூரிக்காக பாயிண்ட் கார்டாக ஆடியவன். சென்டரிடம் பந்தைக் கொடுத்தால் அது திரும்பி வராது என்று பழகிப்போன தலைமுறை நாங்கள். சீன லீக்கின் சிங்டாவ் அணிக்கு இந்தப் பையன் ஆடிய ஆட்டங்களை இரண்டு மாதமாகத் தேடிப் பிடித்துப் பார்க்கிறேன். பந்து எல்போவில் (ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில்) அவர் கைக்குப் போனதும் நான்கு பேரும் ஓடத் தொடங்குகிறார்கள், ஓடினால் பந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும். முதுகை வளையத்துக்குக் காட்டி நிற்கும்போதே பின்னால் வெட்டி ஓடுபவனுக்குத் தலைக்கு மேலே கொடுக்கிறார். ஒரு கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வருபவன் கையில் நேராகப் பந்தை (ஹேண்ட் ஆஃப்) கொடுப்பதுபோலக் காட்டிவிட்டு, தடுப்பவன் அந்தப் பக்கம் சாய்ந்ததும் தானே திரும்பி உள்ளே போகிறார்.

போன சீசனில் அரைக்கள ஆட்டத்தில் நாம் எப்படித் திணறினோம் என்று உங்களுக்கே தெரியும். நம் ஆட்டக்காரர்கள் ஷார்ப், கமாரா, அவ்டியா மூவரும் பந்து இல்லாமல் ஓடுவதில் நல்லவர்கள். அவர்கள் ஓட்டத்தைப் பார்த்து பந்து கொடுக்க ஆள்தான் இல்லை.

கிளிங்கன்23 · 26 ஜூன்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். கிளிங்கனுக்குப் போன சீசனில் ஆட்டத்துக்கு 20 நிமிடம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. அதிலேயே சராசரி 1.6 பிளாக், கிட்டத்தட்ட 8 ரீபவுண்ட். முதல் வருட ஆட்டக்காரர்களில் சிறந்தவர்களுக்கான ஆல் ரூக்கி இரண்டாம் அணியிலும் இடம்பிடித்தார். அவருக்கு நிமிடங்களைக் கூட்டுவதை விட்டுவிட்டு பக்கத்திலேயே போட்டிக்கு இன்னொரு இளம் சென்டரை உட்கார வைப்பது எந்த வகை வளர்ப்பு?

எல்போ பாஸ், நீங்கள் சொன்னதெல்லாம் பந்து நம்மிடம் இருக்கும்போது. அது எதிரணியிடம் இருக்கும் பாதி ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

சிங்கை குமரன் · 26 ஜூன்

இங்கே என் அலுவலகத்தில் பாதிப் பேர் சீனக் கூடைப்பந்து லீக் பார்ப்பவர்கள். காலையில் டிராஃப்ட் முடிந்ததும் நாங்கள் வேலை பார்க்கவே இல்லை. 2007இல் யி ஜியன்லியன் 6ஆம் பிக்கில் மில்வாக்கிக்குப் போனார். அதற்குப் பிறகு முதல் சுற்றில் ஒரு சீன ஆட்டக்காரர் வர 18 வருடம் ஆகியிருக்கிறது. 2016இல் சோ சி, வாங் செலின் இருவரும் எடுக்கப்பட்டார்கள், ஆனால் இரண்டாம் சுற்றில்.

யாங்கை நான் முதலில் கவனித்தது 2023இல், ஹங்கேரியின் டெப்ரெட்சனில் நடந்த 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில். ஆட்டத்துக்கு 12 புள்ளிக்கு மேல், 10 ரீபவுண்டுக்கு மேல், ஏறத்தாழ 5 அசிஸ்ட், 5 பிளாக். சென்டருக்கு 5 அசிஸ்ட் என்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அப்போது அவருக்கு 18தான். கடந்த சீசனில் சிங்டாவுக்காக ஆட்டத்துக்கு 16 புள்ளிக்கு மேல், 10 ரீபவுண்டுக்கு மேல், கிட்டத்தட்ட 3 அசிஸ்ட். இரண்டாம் சுற்றில் போட்டார்கள் என்பதைப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாக் டிராஃப்ட் எழுதுபவர்களில் எத்தனை பேர் சிங்டாவுக்குப் போய் ஒரு ஆட்டம் பார்த்திருப்பார்கள்?

கிளிங்கன்23 · 26 ஜூன்

குமரன், அந்த 5 பிளாக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உலகக் கோப்பை நடப்பது ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில். அங்கே தடுக்கும் சென்டர் வளையத்துக்குக் கீழேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏவில் ஆளைத் தடுக்காமல் பெயிண்டில் (வளையத்துக்கு முன்னால் வண்ணமடித்த பகுதியில்) மூன்று விநாடிக்கு மேல் நின்றால் விசில். அதனால் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே ஓட வேண்டும். கால் மெதுவாக இருப்பவனுக்கு அங்கேதான் சிக்கல். அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது.

நானும் அவர் ஆட்டத்தைப் பார்த்தேன். பிக் அண்ட் ரோலில் (தடுப்பவன் வழியை ஒருவன் திரைபோல மறித்து, பந்துள்ளவனை ஓடவிடும் ஆட்டம்) டிராப்பில், அதாவது வளையத்தருகே, பின்வாங்கி நிற்கும்வரை பரவாயில்லை, உயரம் காப்பாற்றுகிறது. ஆனால் வேகமான கார்டு ஒருவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனால் இடுப்பு திரும்பவே ஒரு நொடி ஆகிறது. மேற்கு மாநாட்டில் வாரம் மூன்று இரவு அப்படிப்பட்ட கார்டுதான் எதிரே வருவான். பிளேஆஃபில் இன்னும் மோசம், ஒரே ஆளைக் குறிவைத்து ஒவ்வொரு முறையும் அதே திரையைத்தான் போடுவார்கள்.

அப்புறம் மொழி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தடுப்பாட்டத்தில் முழுக் களமும் கண்ணில் படுவது பின்னால் நிற்கும் சென்டருக்குத்தான். இடப்பக்கம் திரை வருகிறது, மாறு, பின்னால் ஆள் ஓடுகிறான் என்று மூச்சுவிடாமல் கத்த வேண்டியவன் அவன். இன்றைக்கு மொழிபெயர்ப்பாளரோடு பேசும் பையனால் அது எப்போது முடியும்?

சிங்கை குமரன் · 26 ஜூன்

விதி பற்றிச் சொன்னது சரி, அந்த 5ஐ நான் எடுத்துவிடுகிறேன். மொழி விஷயத்தில் ஒப்ப மாட்டேன். யாவோ மிங் ஹூஸ்டனுக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளரோடுதான் போனார், ஒரு சில வருடத்தில் தனியாகவே பேட்டி கொடுத்தார். களத்தில் வேண்டியது முப்பது நாற்பது சொல். அதைப் பயிற்சி முகாமிலேயே கற்றுக்கொள்ளலாம்.

போர்ட்லேண்ட் மீனா · 26 ஜூன்

நான் கேட்க நினைப்பதை யாரும் கேட்கவில்லை. மறைந்த உரிமையாளர் பால் ஆலனின் சொத்துகளை நிர்வகிப்பவர்கள் போன மாதம்தான் அணியை விற்கப் போவதாக அறிவித்தார்கள். விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, சீனச் சந்தையைக் காட்டி விலை ஏற்றத்தான் இந்தப் பிக்கா? இந்தப் பையன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முடிவெடுத்தவர்கள் எதை மனதில் வைத்து எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கணக்கு வாத்தியார் · 26 ஜூன்

மீனா அக்கா, நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

உலகம் முழுக்க விற்கும் ஜெர்சி வருமானம் லீக்கின் பொதுப் பையில் விழுந்து 30 அணிகளுக்கும் பிரிகிறது. யாங் ஜெர்சி ஷாங்காயில் லட்சம் விற்றாலும் போர்ட்லேண்டுக்கு முப்பதில் ஒரு பங்குதான். விளம்பர ஒப்பந்தம் வேறு விஷயம், அதில் அணிக்கு நேரடியாகப் பணம் வரலாம். ஆனால் களத்தில் ஆடாத ஆளை நம்பி எந்த நிறுவனமும் நீண்ட நாள் பணம் போடாது. யி ஐந்து சீசன் ஆடிவிட்டுத் திரும்பினார். சோ சி ஹூஸ்டனுக்காக 20 ஆட்டத்தைக்கூட எட்டவில்லை. சந்தை இருந்தும் அவர்களை யாரும் தக்கவைக்கவில்லை. விற்பனைக்காகவே எடுத்திருந்தாலும் அவர் நன்றாக ஆடினால்தான் அந்தக் கணக்கும் தேறும்.

இப்போது டிரேட். செந்தில் கோபத்தில் இதைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டார் என்று நினைக்கிறேன். 2017இல் இதே அணி என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? 15, 20 என்று இரண்டு முதல் சுற்று பிக்கை சாக்ரமென்டோவுக்குக் கொடுத்துவிட்டு 10ஆம் இடத்துக்கு ஏறினோம். ஸாக் காலின்ஸ் என்ற இளம் சென்டருக்காக. அவர் முதல் இரண்டு சீசனுக்குப் பிறகு காயங்களிலேயே காலத்தைக் கழித்துவிட்டுப் போனார். இம்முறை சென்டரை எடுக்க ஐந்து இடம் இறங்கியிருக்கிறோம், இறங்கியதற்குக் கூலியாக ஒரு முதல் சுற்று பிக் வாங்கியிருக்கிறோம். ஒரே ஆசை, எதிரெதிரான இரண்டு விலை.

அந்த 2028 பிக் ஏன் முக்கியம்? நாம் 2021லிருந்து சிகாகோவுக்கு ஒரு முதல் சுற்று பிக் கடன்பட்டிருக்கிறோம். முதல் 14க்குள் விழுந்தால் நம்மிடமே நிற்கும், நாம் பிளேஆஃபுக்குப் போகும் வருடத்தில் அவர்களுக்குப் போய்விடும். 2028 வரை இந்தக் கயிறு நம் காலில் இருக்கிறது. எதிர்கால முதல் சுற்று பிக்குகளை அடுத்தடுத்த வருடங்களுக்கு இல்லாமல் செய்துகொள்ளக் கூடாது என்ற விதியும் சேர்ந்துகொள்வதால், பெரிய டிரேட் பேச உட்காரும்போது மேசையில் வைக்க நம் சொந்தப் பிக் அதிகம் இல்லை. அடுத்தவர் பிக் ஒன்று கையில் இருப்பது அங்கேதான் உதவும்.

ஹில்ஸ்போரோ செந்தில் · 26 ஜூன்

வாத்தியார், கணக்கு புரிகிறது. ஆனால் அது ஒர்லாண்டோ பிக். பாங்கெரோ, ஃபிரான்ஸ் வாக்னர் இருவருக்கும் வயது இன்னும் இருபதுகளின் தொடக்கம், இப்போது டெஸ்மண்ட் பேனையும் சேர்த்துவிட்டார்கள். 2028இல் அந்தப் பிக் 25க்கு மேலேதான் விழும். இன்றைக்கு 11ஆம் இடத்து ஆளைக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் கழித்து 27ஆம் பிக் என்றால், காத்திருக்கும் காலத்துக்கும் ஒரு விலை உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை எழுத எனக்கே தயக்கமாக இருந்தது. உயரமான இளம் சென்டர் என்றாலே இந்த ஊரில் வயிற்றைப் பிசைகிறது. 1972இல் முதல் பிக் லாரூ மார்ட்டின், அடுத்த இடத்தில் பாப் மெக்கடூ போனார். 1984இல் இரண்டாம் பிக் சாம் போவி, மூன்றில் மைக்கேல் ஜோர்டன். 2007இல் முதல் பிக் கிரெக் ஓடன், இரண்டில் கெவின் டுரான்ட். மூன்று முறையும் சென்டர், மூன்று முறையும் அடுத்து நின்றவன் வரலாறு படைத்தான்.

எல்போ பாஸ் · 26 ஜூன்

அண்ணா, போவியை நீங்களே இழுத்ததால் கேட்கிறேன். 1984இல் ஜோர்டனை ஏன் விட்டார்கள்? திறமை தெரியாமல் இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான் கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள், ஜிம் பாக்சனும் இருந்தார். "கார்டு இடத்தில் ஆள் இருக்கிறது, சென்டர்தான் இல்லை" என்று கணக்குப் போட்டார்கள். கல்லூரியில் கால் முறிந்து இரண்டு சீசன் உட்கார்ந்திருந்த போவி என்று தெரிந்தும், இடம் காலியாக இருக்கிறதே என்று எடுத்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்வது என்ன? "சென்டர் இடத்தில் ஆள் இருக்கிறது, விங்தான் வேண்டும்." அதே கணக்கு, இடம் மட்டும் மாறியிருக்கிறது. போவி கதை சென்டரைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. காலி இடத்தைப் பார்த்து ஆள் எடுப்பதுதான் அங்கே நடந்த தப்பு.

கிளிங்கன்23 · 26 ஜூன்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு யாங்தான் அங்கிருந்தவர்களில் மேலான திறமை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். ஜோர்டன் மூன்றாம் பிக். யாங் 35ஆம் இடத்தில் இருப்பார் என்று சொல்லப்பட்டவர். சென்டரே வேண்டும் என்றாலும் அடுத்த பிக்கில் மினசோட்டா எடுத்த ஜோன் பெரிங்கே இருந்தார். வயது 18, கால்வேகம் யாங்கைவிட இரண்டு மடங்கு.

போர்ட்லேண்ட் மீனா · 27 ஜூன்

நேற்று முழுக்க எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன்.

2007 ஜூனில் ஓடனை வரவேற்க பயனியர் சதுக்கத்தில் கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். அப்போது இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம். வேலை, குளிர், மழை தவிர இந்த ஊரில் எனக்கு வேறு பிடிமானம் இல்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, 1977 கோப்பையைத் தான் பார்த்ததாகவும், அந்த அணியின் சென்டர் பில் வால்டனுக்குப் பிறகு இந்தப் பையன்தான் என்றும் சொன்னார். அன்றைக்கு நான் இந்த அணிக்காரி ஆனேன். செப்டம்பரில் ஓடனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, முதல் சீசன் முழுக்கப் போனது. 2009 டிசம்பரில் ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் விழுந்தபோது ரோஸ் கார்டனில் இருந்தேன். முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. அத்தனை பேர் இருந்த அரங்கில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம்தான் எனக்கு நினைவிருக்கிறது. போர்ட்லேண்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 82 ஆட்டம். ஒரே ஒரு சீசனின் கணக்கு.

அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பற்றி நம் ஊரில் பேசிய விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர் தப்பு செய்ததுபோல, நம்மை ஏமாற்றியதுபோலப் பேசினோம். அவருக்கு அப்போது 21, 22 வயது. உடைந்தது அவர் முழங்கால்.

செந்தில் தம்பி, மூன்று பெயரை வரிசையாக எழுதினீர்கள். இந்த வரிசையில் யாங்கை நான்காவதாக எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளிங்கன்23 சொல்லும் கால்வேகம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், அது ஆட்டம். அணியை விற்பது பற்றி நான் கேட்டதும் முதலாளிகளைப் பார்த்துத்தான். ஆனால் 20 வயதில் சீபோவிலிருந்து சிங்டாவ், அங்கிருந்து கடல் தாண்டி வரும் ஒருவர் தோளில், அவர் பிறப்பதற்கு முன்னாலும் குழந்தையாக இருந்தபோதும் நாம் பட்ட அடியை ஏற்றுவது சரியில்லை. முன் பின் தெரியாத ஊரில் வந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஹில்ஸ்போரோ செந்தில் · 27 ஜூன்

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். அந்த வரிகளை எழுதியிருக்கக் கூடாது. டிரேட் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

சிங்கை குமரன் · 27 ஜூன்

மீனா அக்கா எழுதியதற்குப் பிறகு சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று. போர்ட்லேண்டின் சென்டர் வரலாற்றைச் சொல்லும்போது ஏன் லிதுவேனியாக்காரர் அர்விடாஸ் சபோனிஸ் பெயர் வரவில்லை? 1986இல் 24ஆம் பிக். எடுத்தபோது பலருக்கு அது வீண் பிக்காகத்தான் தெரிந்திருக்கும், ஏனென்றால் சோவியத் யூனியனிலிருந்து அவர் வர முடியாது. வந்தது 1995இல், 30 வயதில், குதிகால் தசைநார் ஏற்கெனவே பாழான பிறகு. ஓட முடியாது, குதிக்க முடியாது. ஆனாலும் ஹை போஸ்டில் (ஃப்ரீ த்ரோ கோட்டருகே) நின்றுகொண்டு அவர் கொடுத்த பாஸ்களை இன்றும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். கால்வேகம் இல்லாத, கண் கூர்மையான, வெளிநாட்டுச் சென்டர். இந்த ஊர் அப்படி ஒருவரைக் கொண்டாடியிருக்கிறது.

சீனாவில் யாங்கை டென்வரின் நட்சத்திரச் சென்டர் யோகிச்சோடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது, யோகிச்சோடு ஒப்பிட்டால் யாரும் தேறமாட்டார்கள். சபோனிஸின் பாதி வந்தாலே போதும்.

கிளிங்கன்23 · 27 ஜூன்

சபோனிஸ் காலத்தில் சென்டரை மூன்று புள்ளிக் கோட்டுக்கு இழுத்துப்போய் நிற்க வைத்து ஆட்டம் காட்டும் கார்டுகள் இப்படி ஒவ்வொரு அணியிலும் இல்லை. இன்று இருக்கிறார்கள். இதற்கு மட்டும் யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள், நான் பேசாமல் இருக்கிறேன்.

எல்போ பாஸ் · 27 ஜூன்

நேராகவே சொல்கிறேன். அந்தக் குறை இருக்கிறது. முதல் வருடத்தில் அது தீராது. எடை குறைய வேண்டும், இடுப்பு இளக வேண்டும், அதற்கு ஒன்றரை இரண்டு வருடம் பிடிக்கும். பாதி சீசன் என்பிஏவின் வளர்ப்பு லீக்கான ஜி லீக்கில், நம் துணை அணி ரிப் சிட்டி ரீமிக்ஸோடு ஆடுவார் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் நல்லதும்கூட.

ஆனால் நம் தடுப்பாட்டத்தைப் பாருங்கள். போன சீசன் முதல் 41 ஆட்டத்தில் 13 வெற்றி, கடைசி 41இல் 23 வெற்றி. அந்த மாற்றம் பெரிதும் வந்தது கமாரா வெளியிலேயே கார்டுகளை நெரித்ததால்தான். அவர் ஆல் டிஃபென்ஸ் இரண்டாம் அணிக்குப் போனதும் அதனால்தான். இப்போது ஜூரூ ஹாலிடேயும் வருகிறார். முன்னால் இப்படி இரண்டு பேர் நிற்கும் அணியில் பின்னால் நிற்கும் சென்டர் டிராப்பில் நிம்மதியாக நிற்கலாம். மெதுவான காலை மறைக்க லீக்கில் இதைவிட நல்ல இடம் குறைவு.

கணக்கு வாத்தியார் · 30 ஜூன்

செய்தி பார்த்திருப்பீர்கள். எய்ட்டன் ஒப்பந்தத்தைப் பேசி முடித்து அணி அவரை விடுவித்துவிட்டது. ஐந்து சென்டர் இப்போது நான்கு. கிளிங்கன் தொடக்க ஆட்டக்காரர், அவருக்கு நிமிடம் கூடும். கிளிங்கன்23 கேட்டது ஒருவகையில் நடந்துவிட்டது.

கிளிங்கன்23 · 30 ஜூன்

நல்ல செய்திதான். மறுக்கவில்லை. எய்ட்டனைச் சும்மா அனுப்பியதற்குப் பதில் டிரேடில் ஏதாவது வாங்கியிருக்கலாம் என்பது தனிக்கதை. ஆனால் இதனால் யாங் மேல் இருக்கும் எதிர்பார்ப்பு கூடிவிட்டது, கவனித்தீர்களா? வில்லியம்ஸ் ஒரு மாதம் வெளியே உட்கார்ந்தால் கிளிங்கனுக்கு மாற்று இந்தப் பையன்தான். இரண்டு வருடம் பொறுமை என்று எல்போ பாஸ் சொன்ன திட்டத்துக்கு அணியே இடம் வைக்கவில்லை.

எல்போ பாஸ் · 30 ஜூன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி, ரீத்தை வைத்து அந்த நிமிடங்களைச் சமாளித்தால்தான் யாங்குக்கு நல்லது.

ஹில்ஸ்போரோ செந்தில் · 12 ஜூலை 2025

நேற்று இளம் ஆட்டக்காரர்களுக்கான லாஸ் வேகாஸ் சம்மர் லீக், கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக முதல் ஆட்டம். நாம் 106-73 என்று ஜெயித்தோம். யாங் 10 புள்ளி, 5 அசிஸ்ட், 4 ரீபவுண்ட், 3 பிளாக். அலுவலக நண்பர்கள் நாலு பேர் என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பாஸ் போனபோது ஐந்து பேரும் ஒன்றாக எழுந்துவிட்டோம், நானும்தான்.

சம்மர் லீக் என்பது தெரியும். எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் அக்டோபரில் லீக்கிலேயே இருக்க மாட்டார்கள். கவர்டை விட்டதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

கிளிங்கன்23 · 12 ஜூலை

நானும் பார்த்தேன். பாஸ் உண்மை, ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கண் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கால் நான் சொன்னபடிதான் இருக்கிறது. இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவதும் தெரிந்தது. 48 நிமிடத்தில் கிளிங்கனுக்கு 28, யாங்குக்கு 10 என்றால் எனக்குச் சண்டை இல்லை. கிளிங்கனுடைய 28இல் கை வைத்தால் இந்த இழைக்கே திரும்பி வருவேன்.

சிங்கை குமரன் · 12 ஜூலை

ஆட்டம் நடந்தபோது இங்கே சனிக்கிழமை காலை. என் சக ஊழியர் ஒருவர் தன் அப்பாவோடு சேர்ந்து பார்த்தாராம். யாவோ ஓய்வு பெற்ற 2011க்குப் பிறகு அந்த அப்பா ஒரு என்பிஏ ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. இந்த ஆட்டத்தில் கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்தாராம்.

போர்ட்லேண்ட் மீனா · 12 ஜூலை

அவரிடம் சொல்லுங்கள் குமரன், அடுத்த ஆட்டம் நாங்களும் இங்கே பார்ப்போம். செந்தில் தம்பி, உங்கள் வீட்டில் இன்னும் ஒரு நாற்காலி இருக்கிறதா?

ஹில்ஸ்போரோ செந்தில் · 12 ஜூலை

இருக்கிறது அக்கா. வாங்க.